பொருநைக் கரையிலிருந்து போர்ச்சுகல்

(பாளையங்கோட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அயல்நாடு ஒன்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படி அறிமுகம் செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு. நான் எடுத்துக்கொண்ட நாடு போர்ச்சுகல். பிள்ளைகள் என்று நான் சொல்வது பாபநாசம் தொடங்கிப் புன்னக்காயல் வரை பொருநை என்னும் தாமிரபரணியின் இரு கரையிலும் படிக்கிற நம் பிள்ளைகளை.

இந்த வேலை இந்த ஊருக்குப் புதிது இல்லை. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுஸ் ஐயர் தமிழில் 'பூமிசாஸ்திரம்' என்ற நூலை எழுதினார். 1832இல் அது அச்சானது. தமிழில் அச்சேறிய தொடக்ககாலப் புவியியல் பாடநூல்களில் அது ஒன்று. கண்டங்களையும் தேசங்களையும் நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே சொல்ல வேண்டும் என்று ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அவர் பிறந்த ஊர் அன்றைக்குப் பிரஷ்யாவைச் சேர்ந்தது, இன்றைக்குப் போலந்தில் இருக்கிறது. பூமிசாஸ்திரம் எழுதியவருடைய சொந்த ஊரே நாடு மாறிவிட்டது. ஆகவே ஒரு நாட்டைச் சொல்லிக்கொடுக்கும்போது எல்லைக்கோட்டிலும் கொடியிலும் தொடங்க வேண்டாம், ஆற்றில் தொடங்குவோம் என்பது என் கட்சி. அதற்கான காரணங்களை விரித்துச் சொல்கிறேன்.

நம் எட்டாம் வகுப்புப் பாடத்தில் 'ஐரோப்பியர்களின் வருகை' என்று ஓர் இயல் இருக்கிறது. அதில் 1498இல் வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டையில் இறங்குகிறார். அல்மெய்டா வருகிறார், அல்புகர்க் வருகிறார், 1510இல் கோவா விழுகிறது. பிறகு டச்சுக்காரர்கள் வந்ததும் போர்ச்சுகீசியர் பாடத்தைவிட்டே போய்விடுகிறார்கள். அந்த நாட்டில் மழை எப்போது பெய்யும், மக்கள் என்ன சாப்பிடுவார்கள், அவர்களும் யாருக்காவது பயந்து வாழ்ந்தார்களா என்பதெல்லாம் பிள்ளைக்குத் தெரிய வழியில்லை. மனத்தில் நிற்பது கப்பல், பீரங்கி, தாடி வைத்த தளபதி. இதற்கு மறுபக்கம் பொது அறிவுப் புத்தகம். தலைநகரம் லிஸ்பன், நாணயம் யூரோ என்று அது முடித்துவிடும். விளையாட்டு மைதானத்தில் ஏழாம் எண் பனியன் போட்டு ஓடுகிற பையனுக்கு ரொனால்டோவைத் தெரியும். ரொனால்டோ பிறந்த மதேய்ரா தீவு போர்ச்சுகல் நிலப்பரப்பைவிட ஆப்பிரிக்காவுக்கு அருகில் இருக்கிறது என்று சொன்னால் அவன் உடனே வரைபடத்தைக் கேட்பான். அந்த ஆவல்தான் நமக்கு முதல்.

வகுப்பில் நான் கையாண்ட முறையைச் சொல்கிறேன். ஒரே அளவுத்திட்டத்தில் இரண்டு வரைபடங்கள். ஒன்று தமிழ்நாடு, ஒன்று போர்ச்சுகல். பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுமே பிள்ளைகளுக்கு முதல் ஆச்சரியம்: உலகத்தைச் சுற்றிவந்து கோட்டை கட்டியவர்களின் நாடு நம் மாநிலத்தைவிடச் சிறியது. தமிழ்நாடு 1,30,000 சதுர கிலோமீட்டர், போர்ச்சுகல் சுமார் 92,000. நம் மக்கள்தொகை 2011 கணக்கில் 7.21 கோடி, அங்கே ஒரு கோடியைச் சற்றுத் தாண்டும். இதைக் கேட்டதும் "பொறவு எப்படி சார் அவ்வளவு தூரம் வந்தாங்க?" என்ற கேள்வி தானாக வரும். அந்தக் கேள்வியைப் பிள்ளைகள் கேட்ட பிறகு கப்பல் கதையைத் தொடங்கினால் அதற்கு வேறு மதிப்பு.

அடுத்து, ஆளுக்கு ஒரு முழம் தையல் நூல். ஆற்றின் வளைவு நெளிவோடு நூலைப் படியவைத்து, கடல் சேரும் இடத்தில் மையால் புள்ளி வைத்து, பிறகு நேராக்கி அளவுகோலில் அளக்க வேண்டும். தாமிரபரணிக்குச் சுமார் 125 கிலோமீட்டர் வரும். லிஸ்பன் நகரத்தில் கடலைச் சேர்கிற தேஜோ ஆற்றை அளக்கப் போனால் நூல் போர்ச்சுகல் வரைபடத்தைத் தாண்டி ஸ்பெயினுக்குள் போய்விடும். அதன் நீளம் ஆயிரம் கிலோமீட்டர், பெரும்பகுதி அயல்நாட்டில். டோரு, குவாதியானா, மின்யு எல்லாம் அப்படியே ஸ்பெயினில் பிறந்து வருகிறவை. மேல்மடைக்காரன் யார், கடைமடைக்காரன் யார் என்று நம் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. காவிரிச் செய்தி கேட்டு வளர்ந்தவர்கள். இரு நாடுகளும் 1998இல் அல்புஃபெய்ரா நகரத்தில் நதிநீர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன என்றால் அதன் கனம் அவர்களுக்குப் புரியும்.

போர்ச்சுகல் மண்ணிலேயே பிறந்து அந்த மண்ணிலேயே கடல் சேர்கிற ஆறுகளில் நீளமானது மொண்டேகு. நம் ஆற்றைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். பொதிகையில் பிறந்து இந்தத் தமிழ் மண்ணைவிட்டு வெளியே போகாமல் புன்னக்காயலில் முடிகிற தாமிரபரணிக்கு அதுதான் சரியான ஜோடி. நான் போர்ச்சுகலை மொண்டேகு வழியாகத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

அது பிறக்கிற மலை செர்ரா த எஸ்ட்ரெலா. உயரம் 1,993 மீட்டர். நம் அகத்தியமலை 1,868 மீட்டர். வித்தியாசம் 125 மீட்டர்தான். ஆனாலும் அங்கே குளிர்காலத்தில் பனி உறைந்து கிடக்கும், இங்கே மழைக்காடும் அட்டையும். ஏன்? இந்த ஒரு கேள்வியில் அட்சரேகைப் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. திருநெல்வேலி நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது பாகைகூட இல்லை, மொண்டேகு நாற்பது பாகையில் ஓடுகிறது. அந்த மலையில் ஆடு மேய்ப்பவர்கள் ஆட்டுப்பாலில் பாலாடைக்கட்டி செய்கிறார்கள். உறைகுத்த மோர் ஊற்றுவதில்லை, ஒருவகை முட்செடியின் காய்ந்த பூவை இடித்து அதன் சாற்றை விடுகிறார்கள். பொதிகை அடிவாரத்துக் காணிப் பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் இதைச் சொன்னால், எந்த இலை எதற்கு ஆகும் என்று அவர்கள் சொல்லத் தொடங்குவார்கள். அன்றைக்கு ஆசிரியர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய நாள்.

ஒரு வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "சார், அங்க கார், பிசானம் உண்டுமா?" என்றான். நம் இரண்டு நெற்போகங்களைத்தான் கேட்கிறான். அப்பா வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிற வீட்டுப் பிள்ளை. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. போர்ச்சுகலில் மழை குளிர்காலத்தில் பெய்கிறது. அட்லாண்டிக் கடலின் மேற்குக் காற்று கொண்டுவரும் மழை. கோடையில் வானம் காய்ந்து கிடக்கும். ஆனால் நெல்லுக்கு வெயில் வேண்டும். ஆகவே மழைநீரைத் தேக்கிவைத்து வசந்தத்தில் விதைத்து, இலையுதிர் காலத்துக்கு முன்பின்னாக அறுக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரே போகம். கொயம்ப்ரா நகரத்துக்குக் கீழே மொண்டேகுவின் இரு கரையும் நெல்வயல்தான். கரோலினோ என்ற அரிசி அங்கே விளைகிறது. ஐரோப்பாவிலேயே தலைக்கு அதிகமாக அரிசி உண்பவர்கள் போர்ச்சுகீசியர்கள். அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, சர்க்கரை சேர்த்து, மேலே பட்டைத்தூளால் கோலம் போட்டு விருந்தில் வைக்கிறார்கள். பட்டை இலங்கையின் சரக்கு என்பதையும் அதற்காக அவர்கள் இலங்கையின் கரையோரத்தைப் பிடித்துவைத்திருந்ததையும் அந்தத் தட்டைக் காட்டியே சொல்லிவிடலாம். ஐரோப்பா என்றால் ரொட்டி என்று நினைத்திருந்த பையனுக்கு, தன் வீட்டு வயலை வைத்து அவர்கள் வயலை அளக்கத் தெரிந்துவிட்டது.

கொயம்ப்ரா மொண்டேகுவின் கரையில் இருக்கிற கல்வி நகரம். 1290இல் தொடங்கிய பழைய பல்கலைக்கழகம் 1537 முதல் அங்கே நிலைத்திருக்கிறது. மாணவர்கள் இன்றும் கறுப்பு மேலங்கி அணிந்து நடக்கிறார்கள். பாளையங்கோட்டைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகளும் கல்லூரிகளும் நிறைந்த ஆற்றங்கரை ஊர் என்றால் என்னவென்று தெரியும்.

அந்த ஆற்றங்கரையில் சாந்தா கிளாரா என்று ஒரு பழைய கன்னியர் மடம் இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இசபெல் என்ற அரசி பதினான்காம் நூற்றாண்டில் அதைப் பெரிதாகக் கட்டினாள். கொயம்ப்ரா மக்கள் அவளை இன்றும் புனிதராக வணங்குகிறார்கள். மடம் ஆற்றுக்கு மிக அருகில் அமைந்துவிட்டது. கட்டி முடித்த சில காலத்திலேயே வெள்ளம் உள்ளே வந்தது. அடுத்த மழைக்கும் வந்தது. கன்னியர்கள் இடத்தை விடவில்லை. கோயிலுக்குள்ளேயே பாதி உயரத்தில் ஒரு மேல்தளம் கட்டி அங்கே ஏறி வழிபட்டார்கள். முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆற்றோடு மல்லுக்கட்டி, கடைசியில் 1677இல் எதிரே குன்றின்மேல் புதிய மடம் கட்டி ஏறிப் போனார்கள். கீழ்த்தளம் சேற்றிலும் நீரிலும் மூழ்கிக் கிடந்தது. 1990களில்தான் தண்ணீரை இறைத்து அகழ்ந்தெடுத்தார்கள்.

இதைச் சொல்லிவிட்டுக் குறுக்குத்துறைக்கு வர வேண்டும். நம் குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்கு நடுவிலேயே நிற்கிறது. வெள்ளம் வருகிறது என்று தெரிந்தால் உற்சவரையும் கோயில் பொருட்களையும் எடுத்துக்கொண்டு கரைமேல் இருக்கிற மேலக்கோயிலுக்குப் போய்விடுவார்கள். ஆறு கோயில்மேல் ஏறி ஓடும். வடிந்த பிறகு சேற்றை அள்ளிக் கழுவி, சாமியைக் கொண்டுவந்து வைப்பார்கள். வெள்ளத்தைத் தாங்குவதற்கென்றே கட்டிய கல் அது. இரண்டு ஊரிலும் பக்தி உண்டு, வெள்ளமும் உண்டு. ஆற்றோடு அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள், நாம் எப்படி நடந்துகொண்டோம் என்று பிள்ளைகளை எழுதச் சொல்லலாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் ரயில் பயணிகளோடு நின்றுபோனதையும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதையும் கண்ட பிள்ளைகள் இவர்கள். கொயம்ப்ராக் கன்னியர்களின் மேல்தளம் இவர்களுக்குக் கதையாகத் தோன்றாது.

இனி மொண்டேகுவையும் தாமிரபரணியையும் தன் காலாலேயே இணைத்த மனிதருக்கு வருகிறேன். அன்றிக்கே அன்றிக்கஸ் என்று நம்மவர்கள் எழுதுகிற என்ரிக்கே என்ரிக்கஸ். 1520இல் விலா விசோசா என்ற ஊரில் பிறந்தார். கொயம்ப்ராவில் படித்தார். 1545இல் அங்கேயே இயேசு சபையில் சேர்ந்து, மறு ஆண்டு இந்தியா வந்து, முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். 1600இல் சாகும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தக் கரையில்தான் வாழ்ந்தார். புன்னக்காயல் அவருடைய ஊராகவே ஆகிவிட்டது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தந்தது. தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நம் கைக்குக் கிடைக்கிற முதல் புத்தகம் அதுதான், பதினாறே பக்கம். 1586இல் பெரிய நூலாக 'அடியார் வரலாறு' வந்தது. அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். அவர் எழுதிய தமிழ் இலக்கணக் கையெழுத்துப் படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. வி.எஸ்.ராஜம் அவர்களும் ஜீன் ஹைனும் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளியிட்டார்கள்.

என்ரிக்கஸின் கதையில் இன்னொரு பகுதி உண்டு. அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம், பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பேன். அவர் யூத வம்சத்தில் வந்தவர். 1496இல் போர்ச்சுகல் அரசர் யூதர்கள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டார். மறு ஆண்டு அவர்களை வலுக்கட்டாயமாக மதம் மாற்றினார்கள். மாறிய பிறகும் 'புதுக் கிறிஸ்தவர்' என்று சொல்லித் தனியே வைத்தார்கள். 1536இல் சமயத் தண்டனை மன்றம் வந்தது. முதலில் பிரான்சிஸ்கன் துறவிகளோடு சேர்ந்த என்ரிக்கஸுக்கு, இந்தப் பிறப்பின் காரணமாக அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. நம் பள்ளிகளில் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டுகிற நிறக்கயிறு எந்தச் சாதியைப் பேசுகிறது என்று இங்கே இருக்கிற ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். பிறப்பைக் கேட்டு மனிதனை ஒதுக்கும் கொடுமை கடலுக்கு அப்பாலும் இருந்தது, அரசாங்கமே அதைச் செய்தது, அதற்கு ஆளானவர்தான் நம் கரைக்கு வந்து நம் மொழிக்கு அச்சு தந்தார் என்று சொன்னால், பிள்ளைகள் தலைநிமிர்ந்து கேட்பார்கள்.

போர்ச்சுகலை நல்லவர்கள் நாடு என்று சொல்லிக்கொடுக்கச் சொல்லவில்லை. கடலில் கப்பல் விட அவர்களிடம் 'கர்த்தாஸ்' என்ற அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். சீட்டு இல்லாத கப்பலைப் பிடித்தார்கள். 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சி.யின் ஊர்ப் பிள்ளைகளுக்கு, கடல் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு எவ்வளவு பழையது என்று இதைவைத்தே விளக்கலாம். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் ஞானஸ்நானம் பெற்றது துறையின் ஆதிக்கப் போட்டியில் பாதுகாப்புத் தேடித்தான். பாதுகாப்புத் தருகிறேன் என்று வந்த போர்ச்சுகீசிய அதிகாரிகளின் அக்கிரமத்தை 1542இல் வந்த சவேரியாரே தம் கடிதங்களில் கண்டித்திருக்கிறார். கோவாவில் 1560 முதல் சமயத் தண்டனை மன்றம் நடந்தது. எல்லாவற்றிலும் கொடியது அடிமை வணிகம். ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடல்வழியாக அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் போர்ச்சுகீசிய, பிரேசில் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்கள். நம் சமையலில் இன்று மிளகாய் இல்லாத நாள் இல்லை. அமெரிக்கக் கண்டத்து மிளகாயையும் முந்திரியையும் அன்னாசியையும் இங்கே கொண்டுவந்ததும் அதே கப்பல்காரர்கள். இரண்டையும் ஒரே வகுப்பில் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைத் தாங்கும் வலிமை உண்டு.

பண்பாடு என்று வரும்போது உவரியைத் தவிர்த்து எங்கே தொடங்குவது? செவ்வாய்க்கிழமை உவரி அந்தோணியார் கோயிலுக்கு இந்துவும் போகிறார், கிறிஸ்தவரும் போகிறார். அந்தோணியார் இத்தாலியின் பதுவை நகரத்தார் என்று நினைத்திருக்கிறோம். அவர் பிறந்தது லிஸ்பனில், படித்ததும் பிரான்சிஸ்கன் துறவியானதும் கொயம்ப்ராவில். அதே மொண்டேகுக் கரை! ஜூன் 12ஆம் தேதி இரவு லிஸ்பன் நகரத் தெருவெல்லாம் அடுப்பு மூட்டிச் சாளை மீனைச் சுட்டுத் தின்று அவர் திருநாளைக் கொண்டாடுகிறது. துளசி வகைச் செடியைச் சின்னத் தொட்டியில் வைத்து ஒருவருக்கொருவர் கொடுக்கிறார்கள். உவரிப் பிள்ளைக்குச் சாளையையும் தெரியும், அந்தோணியாரையும் தெரியும், துளசியையும் தெரியும். பாதிப் பாடம் முடிந்தது.

என்ரிக்கஸ் பிறந்த ஊர்ப்பக்கம் தக்கை ஓக் மரக்காடுகள் உண்டு. உலகத் தக்கையில் பாதியளவு போர்ச்சுகல் தருகிறது. மரத்தை வெட்டுவதில்லை. பட்டையை மட்டும் கோடாரியால் கீறி, உள்மரத்தில் காயம் படாமல், கதவு நிலை அளவுக்குப் பெயர்த்து எடுக்கிறார்கள். ஒரு மரத்தில் ஒரு தடவை உரித்தால் அடுத்து ஒன்பது ஆண்டு தொடக்கூடாது. மறந்துபோகாமல் இருக்க, உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை மரத்திலேயே வெள்ளைச் சாயத்தால் எழுதிவிடுகிறார்கள். 2024இல் உரித்த மரத்தில் '4' என்று இருக்கும். பாளை சீவத் தெரிந்த பனையேறியின் பேரனுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். அந்தக் கோடாரி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பது வரை கேட்பான்.

1755 நவம்பர் 1 லிஸ்பன் நிலநடுக்கத்தையும் அன்றைக்கு ஏறிய ஆழிப்பேரலையையும் விடக்கூடாது. 2004ஐக் கண்ட கடற்கரை இது.

கடைசியாக, அவர்கள் விடுதலை பெற்ற கதை. போர்ச்சுகல் யாரிடமிருந்து விடுதலை பெற்றது என்று பிள்ளைகள் கேட்பார்கள். தன் சொந்த ஆட்சியாளர்களிடமிருந்து. 1926 முதல் சர்வாதிகாரம். அதை நெடுங்காலம் நடத்திய சலாசார் கொயம்ப்ராப் பல்கலைக்கழகப் பேராசிரியர். பேச முடியாது, எழுத முடியாது. 1961 டிசம்பரில் கோவா இந்தியாவோடு இணைந்தது. அதே ஆண்டு அங்கோலாவில் விடுதலைப் போர் தொடங்கியது. பிறகு கினி-பிசாவு, மொசாம்பிக். பதின்மூன்று ஆண்டு ஆப்பிரிக்காவில் சண்டையிட்டுச் சலித்த இளம் அதிகாரிகள் 1974 ஏப்ரல் 25 அன்று ஆட்சியைக் கவிழ்த்தார்கள். வானொலியில் ஒரு பாட்டு ஒலித்ததே புறப்படுவதற்கான அடையாளம். மக்கள் தெருவுக்கு வந்து சிப்பாய்களின் துப்பாக்கி முனையில் கார்னேஷன் பூவைச் செருகினார்கள். அடுத்த ஆண்டுக்குள் அந்த ஆப்பிரிக்க நாடுகள் சுதந்திரம் பெற்றன. காலனி நாட்டு மக்களின் போராட்டம் காலனி ஆண்ட நாட்டையும் விடுவித்தது. நம் பாடநூலில் 1510இலேயே நின்றுபோன நாட்டுக்கு இந்த ஏப்ரல் நாளையும் நாம் சேர்த்துக்கொடுக்க வேண்டும்.

அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோள். 1554இல் லிஸ்பன் நகரத்தில் ஒரு சிறு நூல் அச்சானது. 'கர்த்தில்யா' என்பார்கள். அதை உருவாக்கியதில் தமிழர் மூவருக்குப் பங்கு: விசெந்தே த நசரே, ஜோர்ஜ் கர்வால்யு, தோமா த குரூஸ். தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டு, அவற்றோடு போர்ச்சுகீசிய மொழிபெயர்ப்பையும் வரிக்கு வரி சேர்த்திருக்கிறார்கள், கறுப்பும் சிவப்புமாக இரண்டு நிறத்தில். அதன் படி லிஸ்பனில் பாதுகாக்கப்படுகிறது. இன்றைய பிள்ளைகள் கைப்பேசியில் தமிழை ரோமன் எழுத்தில்தான் தட்டுகிறார்கள். அந்த நூலின் நாலு பக்கத்தை அச்செடுத்து ஒவ்வொரு பள்ளிக்கும் கொடுத்தால், ஆசிரியர் துணையில்லாமலே எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார்கள். பிசான நடவு முடிந்து தை மாதத்தில் ஆறு தெளிந்திருக்கும்போது, எட்டாம் வகுப்பைப் புன்னக்காயலுக்குப் பேருந்தில் கூட்டிக்கொண்டு போகவும், கையில் அந்த நாலு பக்கத்தைக் கொடுத்து முகத்துவாரத்தில் உட்காரவைக்கவும் ஆகும் செலவை இந்த அறக்கட்டளை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பாடத்தை நடத்த நான் வருகிறேன்.